பேலன்ஸ்டு பவர் வாங்கலாமா? ஒரு மாடி ஸ்டூடியோவின் கணக்கு

வளசரவாக்கத்தில் நண்பர் ஒருவர் வீட்டு மாடியில் இரண்டு அறைகளை ஸ்டூடியோவாக மாற்றி வைத்திருக்கிறார். போன மார்கழிக்குக் கொஞ்சம் முன்னால் ஒரு பாடகி பதிவுக்கு வந்தார். சுருதி 5 கட்டை. ஹெட்ஃபோனில் தம்புரா ஓட, ஆலாபனையில் இரண்டு சங்கதி போனதும் நிறுத்திவிட்டார். "அண்ணா, தம்புராவுக்கு உள்ள இன்னொண்ணு அலையுதே?" என்றார்.

காது என்றால் அது காது. 5 கட்டைக்கு மந்தர ஷட்ஜம் 98 ஹெர்ட்ஸ். நம் ஊர் கரண்ட் 50 ஹெர்ட்ஸ், அதன் இரட்டிப்பு 100. தம்புராவின் மந்தரக் கம்பிக்கும் வயரிங்கிலிருந்து வந்த 100-க்கும் நடுவே வினாடிக்கு இரண்டு முறை அலை அடித்திருக்கிறது. அரை ஸ்வரத்தை நூறு பங்காக்கினால் 35 பங்கு ஏறி நிற்கும் ஒரு ஷட்ஜம். மிருதங்கமும் வயலினும் சேர்ந்துவிட்டால் யாருக்கும் கேட்காது. தனியாக ஆலாபனை பாடுகிறவருக்குக் கேட்கும்.

நண்பரின் மேஜையில் அப்போதே ஒரு கொட்டேஷன் கிடந்தது. 3 கே.வி.ஏ. டொராய்டல் (வளைய வடிவ) டிரான்ஸ்ஃபார்மர், 115-0-115, பேலன்ஸ்டு பவர். ஹம், அதாவது கரண்டிலிருந்து ஒலியில் ஏறும் உறுமல், அடியோடு போய்விடும் என்று விற்பவர் சொல்லியிருந்தார். விலையோ, நண்பர் ஆறு மாதமாக வாங்க நினைத்துத் தள்ளிப்போட்டுக்கொண்டிருந்த மைக் ப்ரீஆம்புக்கு (மைக்கின் சிக்னலைப் பெருக்கும் கருவி) சமம். "இதுவா, அதுவா, நீயே சொல்" என்று என் தலையில் கட்டினார். ஸ்டூடியோ வயரிங் பார்ப்பதுதான் என் பிழைப்பு. சட்டென்று வேண்டாம் என்று சொல்லியிருக்கலாம். ஆனால் பேலன்ஸ்டு பவர் மோசடி இல்லை. அது தீர்க்கிற பிரச்சினை ஒன்று நிஜமாகவே உண்டு. நம்முடைய பிரச்சினை அதுதானா என்பதுதான் கேள்வி.

முதலில் அது என்னவென்று பார்த்துவிடலாம். வழக்கமான இணைப்பில் ஃபேஸ் 230 வோல்ட்டில் இருக்கும். நியூட்ரல் கிட்டத்தட்ட பூமியின் மட்டத்தில் இருக்கும். பேலன்ஸ்டு பவரில், டிரான்ஸ்ஃபார்மரின் செகண்டரி (வெளியீட்டு) சுருளில் நட்டநடுவே ஒரு டேப் (இணைப்பு முனை) எடுத்து அதை எர்த்தில் கட்டிவிடுவார்கள். இரு முனைகளுக்கும் இடையே அதே 230தான், கருவிகளுக்கு வித்தியாசம் தெரியாது. ஆனால் எர்த்திலிருந்து பார்த்தால் ஒரு முனை 115 ஏறும்போது மறுமுனை 115 இறங்கும், பூங்காவில் குழந்தைகள் ஆடும் சீசா மாதிரி. நியூட்ரல் என்ற ஒன்றே அங்கே கிடையாது. இதை மறந்துவிடாதீர்கள், கீழே இதனால்தான் வம்பு வருகிறது.

அமெரிக்காவில் 120 வோல்ட் என்பதால் அங்கே இது 60-0-60. இதைத் தூக்கிப் பிடித்தவர் ஈக்விடெக் நிறுவனத்தின் மார்ட்டின் கிளாஸ்பாண்ட். அந்நாட்டு மின் விதித் தொகுப்பின் 1996 பதிப்பில், படப்பிடிப்புத் தளங்களுக்கான 530-ஆவது பிரிவில் இது நுழைந்தது. 2002-இல் 647 என்று தனிப் பிரிவே ஆயிற்று. அந்தப் பிரிவில் உள்ள நிபந்தனைகளை விற்பனைத் துண்டுப் பிரசுரங்களில் பார்க்க முடியாது: வணிக, தொழிற்கூடக் கட்டடங்களில் மட்டும்தான் போடலாம், விவரம் தெரிந்தவர் மேற்பார்வை இருக்க வேண்டும், சாக்கெட்டுகளுக்கு லீக்கேஜ் பாதுகாப்பு (கரண்ட் கசிந்தால் வெட்டிவிடும் ஏற்பாடு) கட்டாயம். அதாவது, இந்த முறை பிரபலமான ஊரிலேயே வீட்டு ஸ்டூடியோவில் அதை வயரிங்காகப் போட விதி இடம் தரவில்லை.

இதே சுருளை வேறொரு காரணத்துக்காகப் பிரிட்டனின் கட்டட வேலைத் தளங்களில் வெகுகாலமாகப் பயன்படுத்துகிறார்கள். மஞ்சள் பெட்டி, 110 வோல்ட், 55-0-55. டிரில்லிங் மெஷின் வயர் அறுந்து தொட்டாலும் எர்த்துக்கு 55 வோல்ட்தான், ஆள் பிழைப்பான். அந்த மஞ்சள் பெட்டி நமக்கும் பின்னால் உதவியது.

சரி, இது ஹம்மை எப்படிக் குறைக்கிறது? இன்றைய கருவிகளில் பெரும்பாலானவற்றுக்குள் ஸ்விட்ச் மோடு பவர் சப்ளை (லேப்டாப் அடாப்டர் வகை) இருக்கிறது. அதன் வாசலில் ஃபேஸிலிருந்து பாடிக்கு (கருவியின் உலோகக் கூட்டுக்கு) ஒன்று, நியூட்ரலிலிருந்து பாடிக்கு ஒன்று என்று இரண்டு சின்ன கெப்பாசிட்டர்கள் இருக்கும், ஒய் கெப்பாசிட்டர் என்பார்கள். 2.2 நானோ ஃபாரட் என்று வைத்துக்கொள்வோம். 230 வோல்ட், 50 ஹெர்ட்ஸில் ஃபேஸ் பக்கத்து கெப்பாசிட்டர் வழியே சுமார் 0.16 மில்லி ஆம்பியர் எர்த்துக்குக் கசியும். நியூட்ரல் பக்கத்தில் வோல்ட்டேஜே இல்லாததால் கசிவும் இல்லை. ஒரு கருவிக்கு இது கொசுறு. இருபது கருவி இருந்தால் 3 மில்லி ஆம்பியர் எர்த்தில் ஓடும். எர்த்துக்குப் போக ஆடியோ கேபிளின் ஷீல்டும் (உள் வயரைச் சுற்றியுள்ள கம்பி வலை) ஒரு வழிதான் என்பதால் அதிலும் ஒரு பங்கு போகும்.

அந்த 3 மில்லி ஆம்பியர் மொத்தமும் 0.1 ஓம் ஷீல்டு வழியே போகிறதென்றால் அங்கே 0.3 மில்லி வோல்ட் எழும். கீபோர்டு போன்ற அன்பேலன்ஸ்டு (ஷீல்டே சிக்னல் திரும்பும் வழியாகவும் இருக்கும்) கருவிகளின் வழக்கமான சிக்னல் 0.316 வோல்ட். அதற்கு 60 டெசிபல் கீழே ஹம் உட்கார்ந்திருக்கிறது. பேலன்ஸ்டு பவர் கொடுத்தால் இரண்டு கெப்பாசிட்டரிலும் சம அளவில், எதிரெதிர் திசையில் கசிவு நடக்கும். எர்த்தில் இரண்டும் அடித்துப் போய்விடும். தாளில் பார்க்க அழகாக இருக்கிறது.

ஆனால் அந்த அழகு இரண்டு கெப்பாசிட்டரும் ஒரே அளவாக இருந்தால்தான். இவை 20 சதவீதம் கூடக் குறைய இருக்கலாம் என்ற கணக்கில்தான் விற்பனைக்கே வருகின்றன. ஒன்று 2.64, மற்றொன்று 1.76 என்று மோசமாக அமைந்தால் கசிவு ஆறில் ஒரு பங்காகும், அதாவது 15 டெசிபல் சொச்சம் குறையும். அதுவும் நல்ல லாபம்தான். பழைய இரும்பு டிரான்ஸ்ஃபார்மர் உள்ள கருவிகளில் கதையே வேறு. அங்கே கெப்பாசிட்டர் என்று தனியாக இருக்காது. சுருளுக்கும் பாடிக்கும் நடுவே இயல்பாக அமைந்த கெப்பாசிட்டன்ஸ்தான் கசியும், அது பெரும்பாலும் சுருளின் ஒரு முனைப் பக்கம் சாய்ந்திருக்கும். அந்த முனை ஃபேஸில் இருந்திருந்தால் 230 இப்போது 115 ஆகும், 6 டெசிபல் குறையும், அவ்வளவுதான். நியூட்ரலில் இருந்திருந்தால்? இதுவரை பூஜ்யத்தில் இருந்த முனைக்கு நீங்களே 115 வோல்ட் கொடுக்கிறீர்கள். ஹம் கூடும். காசு கொடுத்து வாங்கி ஹம்மைக் கூட்டிக்கொண்டவர்கள் இல்லாமல் இல்லை.

ஜென்சன் டிரான்ஸ்ஃபார்மர்ஸ் நிறுவனத்தைப் பல ஆண்டுகள் நடத்திய பில் விட்லாக் இதைத்தான் திரும்பத் திரும்பச் சொன்னார். நடைமுறையில் கிடைக்கும் லாபம் பெரும்பாலும் 10 டெசிபலுக்குள்தான் என்பது அவர் கட்சி. ஒன்றையும் சொல்லிவிட வேண்டும்: அவர் விற்றது ஆடியோ டிரான்ஸ்ஃபார்மர், கிளாஸ்பாண்ட் விற்றது பவர் டிரான்ஸ்ஃபார்மர். இரண்டு பேரும் தங்கள் கடைச் சரக்கைத்தான் பேசினார்கள். கணக்கைப் போட்டுப் பார்த்தால் விட்லாக் பக்கம்தான் தராசு சாய்கிறது.

அவர் 2010-இல் ஜேமி ஃபாக்ஸுடன் சேர்ந்து ஏ.இ.எஸ். (ஆடியோ பொறியாளர்கள் சங்கம்) மாநாட்டில் வைத்த கட்டுரைக்கு நம் ஊர் வயரிங் அச்சு அசலான உதாரணம். ஃபேஸ், நியூட்ரல், எர்த் மூன்றையும் தனித்தனி ஒற்றை வயராகக் குழாய்க்குள் இழுத்துவிடுகிறோமே, அவை உள்ளே கண்டபடி புரண்டு கிடக்கும். ஒரு இடத்தில் எர்த் ஃபேஸை ஒட்டிக் கிடக்கும், இன்னொரு இடத்தில் நியூட்ரலை. போகிற கரண்டும் வருகிற கரண்டும் எர்த் வயரில் ஏற்படுத்தும் காந்தப் பாதிப்பு ஒன்றையொன்று சமன் செய்யாது. எர்த் வயரின் நீளம் நெடுக ஒரு வோல்ட்டேஜ் முளைக்கும். இரண்டு சாக்கெட்டின் எர்த் துளைகளுக்கு நடுவே சில பத்து மில்லி வோல்ட் இருப்பது சாதாரணம். 10 மில்லி வோல்ட்டே இருக்கட்டும். ஆடியோ கேபிளின் ஷீல்டும் எர்த் வயரும் சேர்ந்த வளையத்தில் மொத்தம் 0.2 ஓம் என்றால் 50 மில்லி ஆம்பியர் ஓடும். மேலே பார்த்த கசிவு 3 மில்லி ஆம்பியர். எது பெரிய திருடன் என்று தெரிகிறதல்லவா? இந்த 50 மில்லி ஆம்பியர் பேலன்ஸ்டு பவர் போட்டாலும் அப்படியே இருக்கும், ஏனென்றால் அது வோல்ட்டேஜால் வரவில்லை, லோடு கரண்டால் வருகிறது.

மருந்து மலிவு. மூன்று கோர் ஒன்றாக முறுக்கிய ஒரே கேபிளாக இழுத்துவிட்டால் எர்த் இரண்டு வயருக்கும் சம தூரத்தில் நிற்கும். அதோடு ஸ்டூடியோ கருவிகள் எல்லாவற்றையும் ஒரே போர்டில் மாட்டினால் இரண்டு எர்த்துக்கு நடுவே தூரமே இருக்காது. சாதாரண ஸ்டூடியோவில் கம்ப்யூட்டர், மானிட்டர் ஸ்பீக்கர், இன்டர்ஃபேஸ் (ஒலியைக் கம்ப்யூட்டருக்குள் கொண்டுபோகும் பெட்டி), ப்ரீஆம்ப், இரண்டு திரை எல்லாம் சேர்ந்தாலும் 1,000 வாட்டைத் தாண்டுவது அபூர்வம். ஒரு 16 ஆம்பியர் சர்க்யூட் தாராளம். ஏ.சி.க்கு மட்டும் வேறு வழி கொடுங்கள்.

இந்த இடத்தில் எங்கள் எலெக்ட்ரீஷியன் அண்ணனைப் பற்றிச் சொல்ல வேண்டும். நல்ல கை. வந்ததும் அவர் சொன்னது, "எதுக்கு சார் இவ்வளவு? பிளக்குல எர்த் பின்னைக் கழட்டி விட்டுட்டா சத்தம் போயிடும்." சத்தம் போகும், உண்மைதான். வளையம் அறுந்துவிடுமே! கூடவே பாதுகாப்பும் அறுந்துவிடும். 1972 மே 3-ஆம் தேதி ஸ்வான்சீ நகரத்து மேடையில், ஸ்டோன் தி க்ரோஸ் குழுவின் கிடார் கலைஞர் லெஸ் ஹார்வி எர்த் சரியில்லாத மைக்கைத் தொட்டு அங்கேயே இறந்தார். ஒரு கையில் கிடார் கம்பி, உதட்டருகே மைக். ஸ்டூடியோவில் பாடகர்கள் தினமும் நிற்கிற நிலையும் இதுதான். எர்த் பின்னைக் கழற்றுவதை ஒப்பீட்டில் ஒரு வழியாகவே நான் எண்ணுவதில்லை.

அண்ணனின் இரண்டாவது யோசனை ஸ்டூடியோவுக்கென்று தனி எர்த் குழி. கரியும் உப்பும் போட்டு, கோடையில் தண்ணீர் ஊற்றி வளர்ப்போமே, அதுதான். தோண்டுவதில் தப்பில்லை. ஆனால் அதை வீட்டு எர்த்தோடு இணைக்காமல் தனியாக விட்டால்தான் சுத்தம் என்று பலர் நம்புகிறார்கள். குழியின் மின்தடை 4 ஓம் என்றால், ஃபேஸ் பாடியில் பட்டாலும் 57 ஆம்பியருக்கு மேல் ஓடாது. 16 ஆம்பியர் சி வகை எம்.சி.பி. (கரண்ட் அளவு மீறினால் விழும் சுவிட்ச்) உடனே விழ 80-இலிருந்து 160 ஆம்பியர் வேண்டும். அது யோசித்துக்கொண்டிருக்கும், பாடி 230-இல் நிற்கும். ஆர்.சி.சி.பி. (எர்த்துக்குக் கசிவதைப் பார்த்து வெட்டும் சுவிட்ச்) இருந்தால்தான் தப்பிக்கலாம். இடி இறங்கினால் இரண்டு குழிக்கும் நடுவே எழும் வோல்ட்டேஜ் உங்கள் கம்ப்யூட்டர் வழியாகத்தான் சமாதானம் பேசும். குழி எத்தனை வேண்டுமானாலும் இருக்கட்டும், எல்லாம் ஓர் இடத்தில் சேர்ந்தாக வேண்டும்.

இனி பேலன்ஸ்டு பவருக்கு நேர்ப் போட்டி. மருத்துவமனை ஸ்கேன் அறைகளிலும் சர்வர் அறைகளிலும் 'அல்ட்ரா ஐசோலேஷன் டிரான்ஸ்ஃபார்மர்' என்ற ஒன்றைப் பார்த்திருப்பீர்கள். 230 உள்ளே, 230 வெளியே, இரண்டு சுருளுக்கும் நடுவே தாமிரத் தகட்டுத் திரை. செகண்டரியின் ஒரு முனையை எர்த்தில் கட்டிப் புதிதாக ஒரு நியூட்ரலை உண்டாக்கிக்கொள்கிறோம். நம் ஊரில் இதன் பலன் பெரிது, ஏனென்றால் நம் ஊரில் நியூட்ரல் படுத்துகிற பாடு அப்படி. கீழ் வீட்டு ஏ.சி. ஓடினால் நியூட்ரலுக்கும் எர்த்துக்கும் நடுவே 5, 6 வோல்ட் ஏறும், நின்றால் இறங்கும். லிஃப்ட் மோட்டார், வெல்டிங் பட்டறை எல்லாம் அந்த நியூட்ரலில்தான் கைவரிசை காட்டும். ஐசோலேஷன் டிரான்ஸ்ஃபார்மர் அந்த உறவை வெட்டிவிடும்.

பேலன்ஸ்டு டிரான்ஸ்ஃபார்மரும் ஐசோலேஷன் டிரான்ஸ்ஃபார்மர்தான் என்பதை விற்பவர்கள் பெரிதாகச் சொல்வதில்லை. அதனால்தான் போட்டவர்கள் பலரும் "பெரிய வித்தியாசம் தெரிகிறது" என்கிறார்கள். பொய் சொல்லவில்லை. அந்த வித்தியாசத்தில் நடு டேப்பின் பங்கு எவ்வளவு, புது நியூட்ரலின் பங்கு எவ்வளவு, டிரான்ஸ்ஃபார்மர் வைக்கிற சாக்கில் எல்லாவற்றையும் ஒரே போர்டுக்குக் கொண்டுவந்ததன் பங்கு எவ்வளவு என்று யாரும் பிரித்துப் பார்ப்பதில்லை. என் அனுபவத்தில் பின்னிரண்டுக்குத்தான் பெரும் பங்கு.

பாதுகாப்பில் இரண்டுக்கும் மலைக்கும் மடுவுக்கும் உள்ள தூரம். நம் வீட்டு சாக்கெட்டின் சுவிட்ச் ஒரு வயரை மட்டும்தான் வெட்டும், ஃபேஸை. பேலன்ஸ்டு பவரில் இரண்டு வயரிலும் 115 இருக்கிறது. சுவிட்சை அணைத்துவிட்டு கருவியைத் திறந்தால் ஒரு பக்கம் உயிரோடு காத்திருக்கும். ஆகவே இரண்டு வயரையும் சேர்த்து வெட்டும் டபுள் போல் எம்.சி.பி., டபுள் போல் சுவிட்ச் என்று போர்டையே மாற்றி எழுத வேண்டும். ஆர்.சி.சி.பி. டிரான்ஸ்ஃபார்மருக்குப் பின்னால் புதிதாக ஒன்று வைக்க வேண்டும், வீட்டு மெயினில் இருப்பது டிரான்ஸ்ஃபார்மரைத் தாண்டி நடக்கும் எதையும் பார்க்காது. கடைசியாகச் சொன்னது சாதாரண ஐசோலேஷனுக்கும் பொருந்தும்.

எனக்கு உண்மையான பயம் டெஸ்டர் மேல்தான். இரண்டு வருஷம் கழித்து, நீங்கள் ஊரில் இல்லாதபோது, வேறொரு எலெக்ட்ரீஷியன் வருகிறார். சாக்கெட்டில் டெஸ்டரை வைக்கிறார், எரிகிறது. அடுத்த துளையில் வைக்கிறார், அங்கேயும் எரிகிறது. நம் ஊரில் இதற்கு ஒரே அர்த்தம்தான்: நியூட்ரல் கட், ரிட்டர்ன் வருகிறது. அவர் கைத்திறமையுள்ளவராகவும் இருந்து, தற்காலிகமாக அந்த வயரை எர்த்தோடு முறுக்கிவிட்டால் டிரான்ஸ்ஃபார்மரின் பாதிச் சுருள் ஷார்ட். எம்.சி.பி. சரியாக இருந்தால் விழும். போர்டின் மேல் கொட்டை எழுத்தில் 'இங்கே நியூட்ரல் கிடையாது' என்று தமிழில் எழுதி ஒட்டுவது அலங்காரத்துக்கு அல்ல. சில யு.பி.எஸ்.களும் இதைப் பார்த்து வயரிங் கோளாறு என்று சிவப்பு விளக்கு காட்டும். கருவிகளைப் பொறுத்தவரை கவலையில்லை, ஐரோப்பாவின் ஷூக்கோ பிளக்கை எப்படித் திருப்பியும் சொருகலாம் என்பதால் எந்த வயர் ஃபேஸ் என்று பார்க்காமல் வேலை செய்யும்படிதான் பெரும்பாலும் வடிவமைக்கிறார்கள்.

டொராய்டல் டிரான்ஸ்ஃபார்மருக்கு இன்னொரு குணமும் உண்டு. போட்ட கணத்தில் ஓடும் கரண்ட் வழக்கத்தைப் போலப் பல மடங்கு. 3 கே.வி.ஏ. என்றால் வழக்கமாக 13 ஆம்பியர், ஆனால் ஆன் செய்யும்போது சி வகை எம்.சி.பி. விழுந்துகொண்டே இருக்கும். டி வகை போட வேண்டும், அல்லது கரண்டை மெல்ல ஏற்றும் சாஃப்ட் ஸ்டார்ட்டர். அப்புறம் அது தானே உறுமும். ஹம்மைப் போக்க வாங்கியதைப் பதிவறைக்கு வெளியே, மாடிப்படி பக்கம் வைக்க வேண்டியிருக்கும். கிடார் பிக்கப்பை அதன் அருகே கொண்டுபோனால் அதன் காந்தப்புலமும் கேட்கும். வோல்ட்டேஜ் ஏற்ற இறக்கத்துக்கும் கரண்ட் கட்டுக்கும் அது எதுவும் செய்யாது, அதற்கு ஆன்லைன் யு.பி.எஸ்.தான். அதன் ஃபேன் சத்தத்துக்கு இன்னொரு மூலை தேட வேண்டும்.

மூன்றாவது வழி மின்சாரத்தைத் தொடவே தொடாது. கேபிளில் கை வைப்பது. எக்ஸ்.எல்.ஆர்., டி.ஆர்.எஸ். பிளக்குகளில் வரும் பேலன்ஸ்டு இணைப்பு (சிக்னலுக்கு இரண்டு வயர், ஷீல்டு தனி) எங்கெல்லாம் முடியுமோ அங்கெல்லாம் போட்டுவிடுவது, முடியாத கீபோர்டு, வீணை பிக்கப், பழைய எஃபெக்ட்ஸ் பெட்டிகளுக்கு டிரான்ஸ்ஃபார்மர் உள்ள டி.ஐ. பாக்ஸ் (அன்பேலன்ஸ்டு சிக்னலைப் பேலன்ஸ்டாக மாற்றும் சின்னப் பெட்டி). வளையத்தை இதுவும் அறுக்கிறது, ஆனால் அறுப்பது சிக்னலின் ஷீல்டை. பாதுகாப்பு எர்த்தை அல்ல. அதனால்தான் டி.ஐ. பாக்ஸின் கிரவுண்ட் லிஃப்ட் (ஷீல்டைப் பிரித்துவிடும்) பொத்தானை அமுக்கலாம், பிளக்கின் எர்த் பின்னைக் கழற்றக் கூடாது.

பேலன்ஸ்டு கேபிள் போட்டும் ஹம் வருகிறதென்றால் கருவியிலேயே கோளாறு இருக்கலாம். ஷீல்டைப் பாடியில் கட்டாமல் உள்ளே சர்க்யூட் போர்டின் கிரவுண்டில் கட்டியிருப்பார்கள். 1995-இல் நீல் மன்சி இதற்குப் 'பின் 1 பிரச்சினை' என்று பெயர் வைத்தார். கண்டுபிடிக்க ஜான் வின்ட் சொன்ன எளிய கருவி ஒன்று உண்டு: 12 வோல்ட் மாறுதிசை மின்சாரம் கொடுக்கும் சின்ன டிரான்ஸ்ஃபார்மர், அதோடு கரண்டைச் சுமார் 100 மில்லி ஆம்பியருக்குள் கட்டுப்படுத்த ஒரு ரெசிஸ்டர். ஒரு முனையை எக்ஸ்.எல்.ஆரின் முதல் பின்னில் தொடுங்கள், மற்றதைப் பாடியில். ஸ்பீக்கர் உறுமினால் கருவி தோற்றது. ஒழுங்காகச் செய்த கருவி வாயே திறக்காது. பகுதிகளைச் சென்னை ரிச்சி ஸ்ட்ரீட்டில் ஒரு மதியத்தில் வாங்கிவிடலாம். விலை உயர்ந்த சில கருவிகள் இதில் தோற்பதைப் பார்த்திருக்கிறேன், மலிவானவை சில ஜெயிப்பதையும்.

இப்போது வளசரவாக்கம். கொட்டேஷனை ஒரு வாரம் மேஜை டிராயரில் போட்டுப் பூட்டச் சொன்னேன். முதல் நாள் மைக் ப்ரீஆம்பின் வாசலை 150 ஓம் ரெசிஸ்டரால் மூடி அரை நிமிடம் வெறுமையைப் பதிவு செய்தோம், பிறகு ஒவ்வொரு கருவியாக இணைத்து அதே அரை நிமிடம். ஸ்பெக்ட்ரத்தில் 50 மட்டும் தனியாக நின்றால் எர்த் வளையத்தையோ காந்தப்புலத்தையோ சந்தேகிக்கலாம். 100, 200, 300 என்று படிக்கட்டாக ஏறினால் ரெக்டிஃபயர் (மாறுதிசை மின்சாரத்தை நேர்மின்சாரமாக்கும் பகுதி) வழியாக வருகிற கரகரப்பு. எங்களுக்கு இரண்டும் இருந்தது. லேப்டாப் அடாப்டரைப் பிடுங்கி பேட்டரியில் ஓட்டியதும் 100-இன் குடும்பம் பாதி இறங்கியது. டூ பின் அடாப்டர். விரலால் மேல்மூடியைத் தடவினால் சுர்ரென்று ஒரு கூச்சம் தெரியும், அதேதான். எர்த் உள்ள த்ரீ பின் வயர் அதே அடாப்டருக்குத் தனியாகக் கிடைத்தது.

இரண்டாவது நாள் அண்ணன் சுவிட்ச் பாக்ஸைத் திறந்தார். பச்சை வயர் ஒரு ஸ்க்ரூவில் பேருக்குச் சுற்றியிருந்தது, விரலால் தொட்டதும் கையோடு வந்துவிட்டது. அவர் முகத்தைப் பார்த்தேன். "நான் போட்டது இல்ல சார்" என்றார். யார் போட்டதென்று கேட்கவில்லை. மெயினிலிருந்து மூன்று கோர் கேபிள் இழுத்து, ஒரே போர்டில் எல்லாவற்றையும் மாட்டியதில் 50 ஹெர்ட்ஸ் கண்ணெதிரே சரிந்தது. கீபோர்டுகளுக்கு இரண்டு டி.ஐ. பாக்ஸ். வீணை பிக்கப்பில் மட்டும் கொஞ்சம் மிச்சம் நின்றது. ஸ்டெபிலைசரை ஒரு மீட்டர் தள்ளி வைத்ததும் அதுவும் அடங்கியது.

அப்புறம்தான் மஞ்சள் பெட்டி. தொழிற்சாலைப் பராமரிப்பு வேலை எடுக்கும் என் மச்சானிடம் 55-0-55 பெட்டி ஒன்று இருந்தது. இன்டர்ஃபேஸ், லேப்டாப், கீபோர்டு மூன்றின் அடாப்டரிலும் 100-240 என்று எழுதியிருந்ததால் 110-இல் ஓடும். ஒரு சாயங்காலம் அதில் மாட்டிப் பார்த்தோம். இந்தச் சோதனை பேலன்ஸ்டு பவருக்கு வேண்டுமென்றே சாதகமானது என்பதையும் சொல்லிவிடுகிறேன், வோல்ட்டேஜே பாதிக்கும் கீழே என்பதால் கசிவு தானாகவே குறையும். வயரிங்கைச் சரிசெய்வதற்கு முன்பு வைத்திருந்த இணைப்பை மறுபடி கட்டிப் பார்த்தபோது மேல் ஹார்மானிக்ஸ் (100, 200, 300 என்று ஏறும் படிக்கட்டு) 7, 8 டெசிபல் இறங்கின, 50 அசையவில்லை. சரிசெய்த இணைப்பில் பெட்டியை மாட்டினாலும் கழற்றினாலும் திரையில் கோடு நகர்ந்ததாகத் தெரியவில்லை.

இதே ஸ்டூடியோ வணிக வளாகத்தின் மூன்றாவது மாடியில், வயரைத் தொட வீட்டுக்காரர் விடாத வாடகை இடத்தில் இருந்திருந்தால் நான் ஐசோலேஷன் டிரான்ஸ்ஃபார்மருக்குக் கையெழுத்துப் போட்டிருப்பேன். பழைய சிந்தசைசர் முப்பது, அன்பேலன்ஸ்டு பேட்ச் பே (கேபிள்களை மாற்றி மாற்றிச் சொருகும் பலகை), அவற்றைப் பார்த்துக்கொள்ளத் தெரிந்த டெக்னீஷியன் ஒருவர் நிரந்தரமாக இருக்கும் பெரிய கூடம் என்றால் நடு டேப்பையும் கேட்டு வாங்கச் சொல்வேன், டபுள் போல் போர்டோடு. புதிதாகக் கட்டுகிறவர்கள் மாடிப்படிக்கு அடியில் டிரான்ஸ்ஃபார்மருக்கு இடமும் ஒரு காலிக் குழாயும் விட்டு வைத்தால் போதும், வாங்குவதைப் பிறகு பார்க்கலாம்.

பாடகி தை மாதம் மறுபடி வந்தார். தம்புராவை ஓடவிட்டு, கண்ணை மூடி ஒரு நிமிடம் கேட்டார். "இப்ப சரியா இருக்கு, ஆனா அந்த ஃபேன்?" என்றார். கம்ப்யூட்டர் ஃபேன். நண்பர் இப்போது நீளமான யு.எஸ்.பி. கேபிளுக்கு விலை விசாரித்துக்கொண்டிருக்கிறார், கொட்டேஷன் இன்னும் டிராயரில்தான் இருக்கிறது.